ஃபிராங்கின்சென்ஸ் (குந்திரிக்கம்) எண்ணெயில் மூட்டு வலிக்கான பாஸ்வெல்லிக் அமிலம் இருக்கிறதா? அதில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

நீராவியில் வடித்த எண்ணெய் என்றால், இல்லை. அம்மாவின் முழங்கால் வலிக்காக வாங்கலாமா என்று கேட்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டு வலிக்கான பாஸ்வெல்லிக் அமிலம் இருப்பதாக விளம்பரத்தில் நீங்கள் படித்தது பிசினுக்குப் பொருந்தும், எண்ணெய்க்குப் பொருந்தாது.

ஃபிராங்கின்சென்ஸ் தரும் பாஸ்வெல்லியா மரத்தின் பட்டையைச் சீவினால் பால் போல வடிந்து இறுகும் பிசினில் மூன்று சரக்கு உண்டு: தண்ணீரில் கரையும் கோந்து, ஆல்கஹாலில் கரையும் ரெசின், ஆவியாகும் எண்ணெய். எண்ணெய் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாஸ்வெல்லிக் அமிலம் இருப்பது ரெசினில். அதன் மூலக்கூறு எடை சுமார் 456. எண்ணெயில் இருக்கும் ஆல்ஃபா பைனீனுக்கு 136தான். கொதிகலனில் நீராவி கிளம்பும்போது பைனீன் போன்ற லேசானவை கூடவே ஏறிவிடும்; அமிலம் அடியில் பிசினோடு தங்கிவிடும்.

சரி, எண்ணெயில் என்ன இருக்கிறது? அது எந்த மரம் என்பதைப் பொறுத்தது. நான் ஓமானின் சலாலாவில் பிசின், எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே தோஃபார் மலைகளில் வளர்வது பாஸ்வெல்லியா சாக்ரா. கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து வரைபடத்தில் சிகரங்களாகக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் இதன் எண்ணெயைச் செலுத்தினால் தொடக்கத்திலேயே ஒட்டி ஒட்டி இரண்டு சிகரங்கள் வரும். முதலில் ஆல்ஃபா துஜீன், அடுத்து ஆல்ஃபா பைனீன். ஓமான் எண்ணெயில் துஜீன் குட்டையாகவும் பைனீன் மற்ற எல்லாவற்றையும் விட உயரமாகவும் நிற்கும். பல மாதிரிகளில் பைனீன் மட்டுமே பாதிக்கு மேல். பின்னால் லிமோனீன், மிர்சீன், சாபினீன் எல்லாம் சிறு சிகரங்களாக வரும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்து பாஸ்வெல்லியா செராட்டா எண்ணெயில் இது தலைகீழ். துஜீன்தான் ஓங்கி நிற்கும், கூடவே சோம்பு வாசனை தரும் மெத்தில் சாவிகால் கொஞ்சம் இருக்கும். எத்தியோப்பியா, சூடான் நாடுகளின் பாஸ்வெல்லியா பாப்பிரிஃபெராவில் கதையே வேறு. அதில் பாதிக்கு மேல் ஆக்டைல் அசிட்டேட் இருக்கும். முகர்ந்தாலே ஆரஞ்சுத் தோல் சாயல் தெரியும்.

மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரே மரத்திலும்கூட அறுவடைப் பருவம், பிசின் எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு நேரம் வடித்தார்கள் என்பதைப் பொறுத்து அளவுகள் மாறும். அதனால் 'இத்தனை சதவீதம் இருந்தால்தான் அசல்' என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம். பெயின்ட் கரைக்கும் டர்பன்டைனிலும் பைனீன்தான் முதன்மைப் பொருள். அப்படியிருக்க, தேவாலயத்துத் தூப வாசனை எங்கிருந்து வருகிறது? 2016-ல் பிரான்ஸின் நீஸ் நகர வேதியியலாளர்கள் சோமாலியப் பிசினில் அந்த வாசனைக்குக் காரணமான இரண்டு அமிலங்களைப் பிரித்தெடுத்து, ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயரிட்டார்கள். இருப்பதோ மிக மிகச் சிறிய அளவில்தான். அளவில் பெரியதுதான் மணத்துக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

இனி அம்மாவுக்கு. முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் சோதித்தது பாஸ்வெல்லியா செராட்டா பிசினின் சாற்றைத்தான். நாக்பூரில் 30 பேரிடம் நடத்தி 2003-ல் வெளியான ஆய்வில் வலி குறைந்ததாகச் சொல்கிறார்கள். சிறிய ஆய்வுதான், அதுவும் பிசின் சாற்றை வைத்து நடந்தது; எண்ணெய் பாட்டிலை அதோடு முடிச்சுப்போட முடியாது. மாத்திரையாக எடுக்க நினைத்தால் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எண்ணெயைக் குடிக்கக் கொடுக்கவே வேண்டாம்.

வாசனைக்காக எண்ணெய் வாங்குவதானால் மரத்தின் முழு தாவரப் பெயரும், அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான ஜிசி-எம்எஸ் அறிக்கையும் (எண்ணெயில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் ஆய்வக அறிக்கை) கேளுங்கள். அப்புறம், பைனீன், லிமோனீன் இரண்டும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படிப் பழசான எண்ணெய் தோலில் ஒவ்வாமை தரலாம். கருநிறப் பாட்டிலில் இறுக்க மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கலந்தே தடவுங்கள், அரிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.