16 லேனில் போகும் டேட்டா பவர் போடும் ஒவ்வொரு முறையும் இடம் மாறுவது ஏன்?

கேள்வி: ஆர்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏவிலிருந்து (லாஜிக்கை நாமே நிரலாக்கும் சிப்) டிஏசிக்கு (டிஜிட்டல் எண்ணை அனலாக் சிக்னலாக்கும் சிப்) 16 எல்விடிஎஸ் லேன் (ஜோடி ஒயரில் போகும் டேட்டா பாதை), லேனுக்கு 800 எம்பிபிஎஸ். 8:1 ஓசெர்டெஸ் (8 பிட் வேர்டை ஒவ்வொரு பிட்டாக வெளியே அனுப்பும் பிளாக்), டிடிஆர் முறை (க்ளாக்கின் இரு விளிம்பிலும் ஒரு பிட்). பவர் போடும்போதெல்லாம் ஏதோ இரண்டு மூன்று லேன் தள்ளிப்போகிறது, சில நேரம் சரியாக வருகிறது. டிரேஸ் நீளத்தைத் திருத்தி போர்டை மறுபடி அடிக்க வேண்டுமா?

போர்டைத் தொடாதீர்கள். தள்ளல் எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள், காரணத்தை அந்த எண்ணே சொல்லிவிடும்.

உங்கள் வேகத்தில் ஒரு பிட் 1.25 நானோசெகண்ட். வேக க்ளாக் 400 மெகாஹெர்ட்ஸ், அதன் ஒரு சுற்று 2.5 நானோசெகண்ட். 8 பிட் வேர்டுக்கு ஒருமுறை வரும் வேர்டு க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், சுற்று 10 நானோசெகண்ட். லேனுக்கு லேன் வித்தியாசம் 2.5 அல்லது 5 என்று வந்தால் ரீசெட். 10 வந்தால் ஃபிஃபோ (டேட்டாவை வரிசையில் நிறுத்தி வைக்கும் பஃபர்). லேன்கள் எல்லாம் ஒன்றாக இருந்து, க்ளாக்கோடு ஒப்பிடும்போது மட்டும் மொத்தமாக 1.25 தள்ளியிருந்தால் க்ளாக் ஜோடியின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு பிட்டுக்கும் குறைவான தள்ளல் என்றால்தான் டிரேஸையும் ஃபேஸையும் சந்தேகிக்க வேண்டும். பவர் போடும்போதெல்லாம் டிரேஸ் நீளம் மாறாது. அதனால் உங்களுடையது பெரும்பாலும் ரீசெட் கோளாறுதான்.

அளப்பதற்கு எல்லா லேனிலும் ஒரே பேட்டர்ன் அனுப்புங்கள். 00000001 என்று 8 பிட்டையே திரும்பத் திரும்ப அனுப்பினால் பல்ஸ் 10 நானோசெகண்டுக்கு ஒருமுறை வரும். ஒரு முழு வேர்டு தள்ளியிருந்தாலும் திரையில் சரியாகவே தெரியும். 32 வேர்டுக்கு ஒரு வேர்டில் மட்டும் அந்த 1 இருக்கட்டும், மற்றதெல்லாம் 0. ஸ்கோப்பும் டிஃபரன்ஷியல் ப்ரோபும் குறைந்தது 2 கிகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் உள்ளவையாக இருக்கட்டும். அளக்கும் முன் இரண்டு ப்ரோபையும் ஒரே ஜோடியில் வைத்து டெஸ்க்யூ செய்துவிடுங்கள், அதாவது இரண்டின் தாமத வித்தியாசத்தைச் சமன் செய்துவிடுங்கள். கேபிள் 10 செ.மீ. வித்தியாசப்பட்டாலே சுமார் 500 பிகோசெகண்ட் பொய்க் கணக்கு வந்துவிடும்.

இனி ரீசெட். ஓசெர்டெஸ்ஸின் ரீசெட்டை எந்த நேரத்திலும் போடலாம், ஆனால் விடுவது வேர்டு க்ளாக்கோடு ஒத்திசைந்து நடக்க வேண்டும். விட்டதை அந்த பிளாக் உள்ளுக்குள் வேக க்ளாக்கின் அடுத்த ஏறு விளிம்பில் பிடித்துக்கொள்கிறது. விடும் நேரம் அந்த விளிம்புக்கு மிக அருகில் வந்தால் ஒரு லேன் இந்தச் சுற்றில் பிடிக்கும், பக்கத்து லேன் அடுத்த சுற்றில் பிடிக்கும். டிடிஆரில் ஒரு சுற்று என்பது 2 பிட். அதனால்தான் தள்ளல் 2.5 நானோசெகண்டின் மடங்காக வருகிறது.

சரியான சர்க்யூட் சின்னதுதான். ப்ரீசெட் (அவுட்புட்டை உடனே 1 ஆக்கும் பின்) உள்ள 2 ஃப்ளிப்-ஃப்ளாப், இரண்டுக்கும் வேர்டு க்ளாக். முதலாவதன் டி பின்னில் 0, அதன் அவுட்புட் இரண்டாவதன் டி பின்னுக்கு. க்ளாக்குகளை உண்டாக்கும் எம்எம்சிஎம் பிளாக், க்ளாக் நிலைத்ததும் தரும் லாக்டு சிக்னலைத் தலைகீழாக்கி இரண்டின் ப்ரீசெட்டுக்கும் கொடுங்கள். அவுட்புட்டை வேர்டு க்ளாக்கிலேயே இன்னொரு ரெஜிஸ்டர் வழியாக எடுத்து 16 லேனுக்கும் அனுப்புங்கள். லேன்கள் வெவ்வேறு பேங்கில் (எஃப்பிஜிஏ பின்களின் தொகுதி) இருந்தால் பேங்குக்கு ஒரு ரெஜிஸ்டர், எல்லாம் ஒரே ஆழத்தில். இதைச் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ரீசெட் என்றாலே டைமிங் வேண்டாம் என்று ஓசெர்டெஸ் ரீசெட் பின்கள் வரைக்கும் ஃபால்ஸ் பாத் (இந்தப் பாதையின் டைமிங்கைப் பார்க்காதே என்ற கட்டளை) போட்டு வைத்திருப்பார்கள். அப்போது அந்த ஒயர்கள் எவ்வளவு நேரம் எடுத்தாலும் டூல் கண்டுகொள்ளாது. ஃபால்ஸ் பாத் அந்த 2 ஃப்ளிப்-ஃப்ளாப்பின் ப்ரீசெட் பின்னோடு நிற்க வேண்டும். அதற்குப் பிந்தைய பாதை 10 நானோசெகண்டுக்குள் கணக்குப் பார்க்கப்பட வேண்டும். டைமிங் விதிகள் இருக்கும் உங்கள் எக்ஸ்டிசி ஃபைலில் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

கூடவே இதையும் பாருங்கள்: வேக க்ளாக்கும் வேர்டு க்ளாக்கும் ஒரே எம்எம்சிஎம்மிலிருந்து, இரண்டும் பஃப்ஜி (சிப் முழுதும் க்ளாக்கைக் கொண்டுபோகும் பஃபர்) வழியாக வர வேண்டும். கவுண்டர் எழுதி நான்கால் வகுத்த வேர்டு க்ளாக் உதவாது. அதன் விளிம்பு வேக க்ளாக்கோடு எங்கே நிற்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

டேட்டா வேறொரு க்ளாக்கிலிருந்து வருகிறதென்றால் 128 பிட்டுக்கும் சேர்த்து ஒரே அசிங்க்ரனஸ் ஃபிஃபோ போடுங்கள். லேனுக்கு ஒரு ஃபிஃபோ வைத்தால் ஒவ்வொன்றின் எம்ப்ட்டி சிக்னலும் வெவ்வேறு சுற்றில் விழுந்து, சரியாக ஒரு வேர்டு தள்ளல் கிடைக்கும். பாதி நிறைந்த பிறகு படிக்க ஆரம்பியுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகுதான் ஒரு பிட்டுக்கும் குறைவான தள்ளல். எஃப்ஆர்4 போர்டில் டிரேஸ் தாமதம் மி.மீ.க்கு ஏறத்தாழ 6 முதல் 7 பிகோசெகண்ட். 5 மி.மீ. வித்தியாசம் 35 பிகோசெகண்டைத் தாண்டாது. 1250 பிகோசெகண்ட் பிட்டில் அது பெரிய விஷயமில்லை. 0.1 மி.மீ. வரை பாம்பு வளைவு போட்டுச் சமன் செய்வது இந்த வேகத்தில் வீண் உழைப்பு. எஃப்பிஜிஏ பேக்கேஜுக்குள் ஒரு பின்னுக்கும் இன்னொரு பின்னுக்கும் இடையே இருக்கும் தாமத வித்தியாசம் சில சமயம் அதைவிட அதிகம். விவாடோ டூல் தரும் பின் பட்டியல் சிஎஸ்வி ஃபைலில் அந்த எண்கள் இருக்கும், நீளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஏசிக்குப் போகும் டேட்டா க்ளாக்கையும் ஒரு ஓசெர்டெஸ்ஸிலிருந்தே 10101010 என்று அனுப்புவது நல்லது. சூட்டிலும் வோல்டேஜ் மாற்றத்திலும் டேட்டாவும் க்ளாக்கும் ஒன்றாகவே நகரும். ஆர்டிக்ஸ்-7-இல் அவுட்புட் பக்கம் ஓடிலே (சிக்னலைத் தாமதப்படுத்தும் பிளாக்) இல்லை, ஆகவே ஃபேஸை எம்எம்சிஎம்மில்தான் நகர்த்த வேண்டும். அதற்குள் இருக்கும் விசிஓ ஆஸிலேட்டர் 800 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு படி அதன் சுற்றில் 56-இல் ஒரு பங்கு, சுமார் 22 பிகோசெகண்ட். க்ளாக் லேனுக்கென்று தனியாக ஒரு வேக க்ளாக், ஒரு வேர்டு க்ளாக் எடுத்து இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் அந்த ஓசெர்டெஸ் குழம்பிவிடும். அந்த லேனின் ரீசெட்டும் அதன் சொந்த வேர்டு க்ளாக்கில் விடப்பட வேண்டும்.

தொடக்கம் 90 டிகிரி, அதாவது 625 பிகோசெகண்ட். அங்கிருந்து இரண்டு பக்கமும் படிப்படியாகப் போய், டிஏசியின் பேட்டர்ன் சோதனை எந்தப் படியில் தவறுகிறது என்று குறித்து நடுவில் நிறுத்துங்கள். போர்டு குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, நன்றாகச் சூடான பிறகு ஒருமுறை. இரண்டு நடுப்புள்ளிக்கும் இடையில் நான்கைந்து படிக்கு மேல் வித்தியாசம் வந்தால் க்ளாக்கும் டேட்டாவும் எங்கோ வெவ்வேறு பாதையில் போகின்றன.

கடைசியாக, டிஏசியின் சாம்ப்ளிங் க்ளாக்கை எஃப்பிஜிஏவிலிருந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலைக்கு 1 பிகோசெகண்ட் ஆர்எம்எஸ் ஜிட்டர் (க்ளாக் விளிம்பின் நேர நடுக்கம்) இருந்தால் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 64 டிபியில் நின்றுவிடும், 10 என்றால் 44 டிபி. சுத்தமான ஆஸிலேட்டர் டிஏசிக்கு நேராகப் போகட்டும், டிஏசி திருப்பித் தரும் க்ளாக்கை எம்எம்சிஎம்மின் இன்புட்டில் கொடுங்கள்.