கிணற்று ராட்டினத்தில் இறைத்தால் வாளியின் எடை குறையுமா?

குறையாது. 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ; கயிற்றிலும் நீங்கள் அதே 10 கிலோவைத்தான் இழுக்கிறீர்கள். எண்ணெய் காணாமல் 'கிரீச்' என்று கத்தும் ராட்டினமாக இருந்தால், உராய்வுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடவே.

அப்புறம் ஏன் லேசாகத் தெரிகிறது? திசை மாறுகிறது, அவ்வளவுதான். குனிந்து மேலே தூக்குவதற்குப் பதில் நின்றபடி கீழே இழுக்கிறோம். நம் உடம்பின் எடையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

பாரம் உண்மையிலேயே பாதியாக வேண்டுமா? கப்பியும் வாளியோடு சேர்ந்து நகர வேண்டும். கயிற்றின் ஒரு முனையை மேலே உத்தரத்தில் கட்டி, வாளியின் மேல் மாட்டிய கப்பிக்கு அடியில் நுழைத்து, மறுமுனையை மேலே இழுத்துப் பாருங்கள். இப்போது வாளியை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. உத்தரம் 5 கிலோ, நீங்கள் 5 கிலோ (கப்பியின் எடையை விட்டுவிடுவோம்). ஆனால் வாளி 1 மீட்டர் ஏற, 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். விசை பாதி, தூரம் இரட்டிப்பு. பெருக்கினால் வேலை அதேதான்.

மெக்கானிக் கடையில் செயின் பிளாக்கைக் கவனித்திருக்கிறீர்களா? கை கையாகச் சங்கிலி வந்துகொண்டே இருக்கும், எஞ்சின் விரற்கடை அளவுதான் ஏறியிருக்கும். கணக்கு இதே கணக்குதான்.