சொல்தா வீட்டு அம்மா – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடைமடை விவசாயம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், தண்ணீர் வராத வருஷங்களில் சொல்தா வீடுகளில்தான் (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களின் வீடுகள்) அடுப்பு தவறாமல் எரிந்தது என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் இருக்கிறேன். எதிர் வீடு ஒரு சொல்தா வீடு. அவர் இறந்து ஆறு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மகனும் மகளும் பிரான்ஸில் இருக்கிறார்கள். காரியம் முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்தப் பெரிய மாடி வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருக்கிறார்.

பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஆயுளுக்கும் உட்கார்ந்து தின்பவர்கள், குடிப்பவர்கள் என்றுதான் இவர்களைப் பற்றிச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். ஸ்பெயினிலும் தாய்லாந்திலும் வயதான ஐரோப்பியர்கள் வெயிலுக்காகவும் மலிவுக்காகவும் போய்க் கூட்டமாகக் குடியிருப்பதைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். நம் சொல்தாக்களும் சட்டப்படி அந்த வகைதானே? இன்னொன்று, இந்த அம்மா ஏன் பிள்ளைகளிடம் போகவில்லை? கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோட்டுச்சேரி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் 'ஆறு மாதம்' என்று இருக்கும் இடம் என்னைக் கொஞ்சம் பதற வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டவை.

சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர்தான். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காரைக்கால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ஆம் தேதி. இரண்டு நாடுகளுக்கும் நடுவில் உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்பவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் இந்தியர்கள். எங்கள் குடும்பத்தில் பெரிய தாத்தா எழுதிக் கொடுத்தார், என் தாத்தா கொடுக்கவில்லை. கூடப் பிறந்தவர்கள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்த பெரியப்பா பிரெஞ்சுக்காரர், இந்தப் பக்கம் பிறந்த என் அப்பா இந்தியர்.

ஸ்பெயினுக்குப் போகிறவர் தன் ஊரை விட்டுப் போகிறார். பெரியப்பா ஓய்வுபெற்று வந்து உட்கார்ந்தது தான் தவழ்ந்த திண்ணையில். அந்த இடத்தை வெளிநாடு என்று சொல்வது காகிதம் மட்டும்தான். ஆனால் காகிதத்துக்கு வலு உண்டு. வெளிநாட்டு இந்தியர் என்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், விளைநிலம் வாங்க முடியாது. அப்பன் நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் மகன், தன் அப்பா உழுத வயலுக்கு அடுத்த வயல் விலைக்கு வந்தபோது, கையில் பணம் இருந்தும் வாங்க முடியாமல் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தான். டெல்டாக்காரனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்து தின்பவர்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு அதில் கோபம் உண்டு.

இந்த ஊர்ப் பையன்கள் ஏன் பட்டாளத்துக்குப் போனார்கள்? நாம் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லோர் வயலையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் இங்கே வரும். காரைக்காலுக்கு என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் எழுதிக் கொடுத்ததே 7 டி.எம்.சி.தான். பெரிய தாத்தாவுக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், ஐந்து பிள்ளைகள். அதற்கு முந்தைய தலைமுறையில் இதே தெருவிலிருந்து, அன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள், சிப்பாயாக, போலீஸாக, குமாஸ்தாவாக. பெரியப்பா 1965-இல் சேர்ந்தார், 19 வயதில். முதலில் பிரான்ஸின் ஃப்ரெழூஸில் பயிற்சி, பிறகு ஆப்பிரிக்காவில் ஜிபூத்தி, கடைசியில் ஜெர்மனியில் பிரெஞ்சுப் படை தங்கியிருந்த ட்ரியர் ஊரில். 15 வருஷம் முடிந்தால் சிப்பாய்களுக்கு உடனே பென்ஷன் என்பது அன்றைய விதி. அதுதான் ஊராருக்கு உறுத்தியது. 1980-இல் அவர் திரும்பியபோது அவருக்கு 34 வயது, எனக்கு ஏழு.

அவருக்கும் பெரியம்மாவுக்கும் கல்யாணம் 1970-இல். அந்தப் பத்து வருஷத்தில் அவர் விடுப்பில் வந்தது மூன்று தடவை. பெரியம்மா மாமியார் வீட்டில் இருந்துகொண்டு, நாத்தனார்களுக்கு பிரசவம் பார்த்து, மாமனாரைப் படுக்கையில் வைத்துக் கழுவி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். இன்றைக்கு அவர் வாங்குகிற பாதிப் பென்ஷன் இருக்கிறதே, அது அந்தப் பத்து வருஷத்துக்கே போதாது என்பது என் எண்ணம்.

குடியைப் பற்றி நீங்கள் கேட்டது பொய்யில்லை. 34 வயதில் மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது. இங்கே அரசு வேலை கிடைக்காது, நிலம் வாங்க வழியில்லை, பேசப் பழகிய பாஷையைப் பேச ஆளில்லை. சிலர் கடை வைத்தார்கள், சிலர் வட்டிக்கு விட்டார்கள், சிலர் சாயங்காலத்தை மதியத்துக்கே கொண்டுவந்தார்கள். பெரியப்பாவும் நாலைந்து வருஷம் அப்படி இருந்தார். அவரை மீட்டது தெருவாரின் காகிதங்கள். பட்டாளத்தில் கற்ற பிரெஞ்சை வைத்து, சுற்றியிருந்த சொல்தா வீடுகளுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். காலையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பத்து மணிக்குள் நாலு பேர் வந்துவிடுவார்கள். காசு வாங்கமாட்டார். 2009-இல் கண்ணை மூடும்வரை அதுதான் அவர் வேலை.

இந்த வாழ்க்கையின் நடுவில் இருப்பது அந்தக் காகிதங்கள்தான் டீச்சர். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு மாடி வீடு தெரியும், இது தெரியாது.

பெரியம்மா வீட்டில் பெரியப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய மத்ரிகூல் நம்பர், அதாவது பட்டாளத்துப் பதிவு எண். தபால்காரர் ஜன்னல் வைத்த நீள உறையைக் கொண்டுவந்தால், பெரியம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கொண்டை ஊசியால் ஓரத்தைக் கிழிப்பார். 'மதாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் அவரால் அடையாளம் கண்டு படிக்க முடியும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைப்பார். அப்புறம் எனக்குப் போன் வரும். "தம்பி, நாந்துலேருந்து வந்திருக்கு. எப்ப வர்ற?" நாந்த் என்பது பிரான்ஸின் மேற்கே ஒரு ஊர். பிரெஞ்சுக்காரர்களுக்கு பிரான்ஸுக்கு வெளியே நடக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான் பதிவு, அரசுப் பென்ஷன் அலுவலகமும் அங்கேதான். பெரியம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் யாரும் அதிகம் உச்சரித்த ஊர்ப்பெயர் அதுவாகத்தான் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை வருவது உயிரோடு இருப்பதற்கான சான்று. 'செர்த்திஃபிகா தெ வி' என்பார்கள். ஓர் அதிகாரி முன்னால் போய் நின்று கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் செய்யலாம், ஆனால் கண் புரை உள்ளவர்கள் அந்தக் கட்டத்துக்குள் முகத்தை நிறுத்துவதற்குள் பொழுது போய்விடும். அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். ஒரு வருஷம் பெரியம்மா அனுப்பியும் நின்றது. காரணம் ஓர் எழுத்து. பெரியம்மாவின் அப்பா பெயர் 'சு' என்று தொடங்கும். பிரெஞ்சில் அந்தச் 'சு'வுக்கு மூன்று எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு. கல்யாணப் பதிவில் மூன்று எழுத்து, கையெழுத்துப் போட்டவர் அடித்த சீலுக்கு மேல் எழுதிய பெயரில் இரண்டு. இருவரும் ஒருவர்தானா என்று ஓர் அலுவலகம் கேட்டது. பதில் எழுதினோம், திரும்பவும் கேட்டது. நாலு மாதம். புதுச்சேரிக்கு மட்டும் மூன்று நடை, ஒவ்வொன்றும் போக வர 250 கிலோமீட்டருக்கு மேல், முதல் பஸ்ஸில் புறப்பட்டு. மூன்றாவது தடவை சிதம்பரம் தாண்டும்போது பெரியம்மா கேட்டார்: "நான்தான் நான்னு இன்னும் எத்தனை பேர்கிட்டடா சொல்லணும்?" என்னிடம் பதில் இல்லை. அந்த நாலு மாதமும் வீட்டுச் செலவுக்கு என் அம்மா வேலிக்கு மேலே அரிசியும் பருப்பும் கொடுத்தார். அதற்கு முன் எத்தனையோ வருஷம் தண்ணீர் வராதபோது அதே வேலிக்கு மேலே அந்தப் பக்கமிருந்து பணம் வந்தது, என் படிப்புக்கு.

பிள்ளைகளிடம் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு பெரியம்மா போய்வந்த கதையைத்தான் சொல்ல முடியும். 2011 குளிர்காலத்தில் மகனோடு சார்செலில் மூன்று மாதம் இருந்தார். பாரிஸுக்கு வடக்கே, நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கும் இடம். ஐந்தாம் மாடியில் இரண்டு அறை. மகனும் மருமகளும் விடியும் முன் வேலைக்குப் போய்விடுவார்கள், விடிவதே எட்டரைக்கு. பேரப்பிள்ளைகள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். அன்பு இல்லாமல் இல்லை, பாஷை அப்படி. திரும்பி வந்ததும் சொன்னார்: "கதவைச் சாத்துனா செத்த வீடு மாதிரி இருக்கு. ஒரு காக்காகூட கத்தாது." மகன் இன்னமும் கூப்பிடுகிறான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் தெருவுக்கு வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறார் பெரியம்மா. வேண்டுதல் நிறைவேறி இறைக்கும் வீடுகள் பல, இவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை, இறைப்பது பிடிக்கும். மகன் அங்கே விடிகாலையில் எழுந்து வீடியோவில் பார்க்கிறான். அந்தக் கூடையை விட்டுவிட்டு ஐந்தாம் மாடிக்கு எப்படிப் போவார்?

இதற்கு நேர் எதிராக, வர ஆசைப்பட்டும் வர முடியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள், பென்ஷன் சொற்பம். வயதானவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் என்று அரசு மேலே போட்டுக் கொடுக்கிறது, ஆனால் பிரான்ஸில் குடியிருந்தால்தான். முன்பு வருஷத்தில் ஆறு மாதம் இருந்தால் போதும். 2023 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதம். முன்பெல்லாம் ஐப்பசியில் வந்து பங்குனி வரை இருந்தவர்கள், இப்போது மார்கழியில் வந்து மாசிக்குள் மூட்டை கட்டுகிறார்கள். சொந்த ஊரில் சாக வேண்டும் என்று நினைப்பவருக்கு மூன்று மாதத்துக்குள் சாவு வர வேண்டும்.

ஓட்டுப் போடுவதையும் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன், கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி. நாடாளுமன்றத் தேர்தலுக்கு இணையத்தில் போடலாம், அதிபர் தேர்தலுக்கு நேரில்தான் போக வேண்டும். பெரியம்மா கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டு போனார். இந்தியரான நான் வாசலில் நின்றேன். நம் ஊர் உள்ளாட்சிக்கு 1968-க்குப் பிறகு 2006-இல்தான் ஓட்டுப் போட்டோம், அதற்குப் பிறகு கேட்கவே யாரும் இல்லை. அன்றைக்கு வாசலில் நின்றபோது எனக்கு ஏக்கமாக இருந்தது, மறைக்கவில்லை.

இனி அந்த ஆறு மாதம்.

டீச்சர், கணவர் போனால் பாதிப் பென்ஷன் மனைவிக்கு உண்டு, ஆனால் அது தானாக வராது. மனைவி விண்ணப்பம் போட வேண்டும். பிள்ளைகள் காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள் என்கிறீர்கள். அந்த அவசரத்தில் இதைச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர் பெயரில் இன்னும் கணக்கில் பணம் விழுந்துகொண்டிருந்தால், அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இறந்த பிறகு வந்ததைத் திருப்பிக் கேட்பார்கள், செலவழித்திருந்தால் அம்மாதான் கஷ்டப்படுவார்.

கல்யாணப் பதிவு, 'லிவ்ரே தெ ஃபமீய்' என்ற குடும்பப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் வங்கிக் கணக்கு விவரம். முதலில் இந்த நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிரம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது தப்பாது. பிரெஞ்சில் எழுத வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவுக்காகப் படித்த பிரெஞ்சு, இந்த அளவுக்குப் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டுச்சேரிக்கு வருகிறேன், பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு.

நீங்கள் கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டு உள்ளே போனால், எழுந்து வந்துவிடாதீர்கள். திண்ணையிலேயே இருங்கள். காப்பி கொண்டுவருவார். அப்போது கேளுங்கள், பெட்டி எங்கே இருக்கிறது என்று.

அன்புடன்