லிமிட்டட் யூசர் கொடுத்தும் சாஃப்ட்வேர் ஏத்திடறாங்களா?

கேள்வி: அண்ணா, எங்க ஜெராக்ஸ் கடைல ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ப்ரோ. பசங்களுக்கு தனியா ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் போட்டு அட்மின் பாஸ்வேர்ட நானே வச்சிருக்கேன், ஆனாலும் கேம், புது பிரவுசர்னு ஏதாவது இன்ஸ்டால் ஆகிட்டே இருக்கு. எப்படி?

பதில்: தம்பி, உங்க மேல தப்பு இல்ல, பாஸ்வேர்டும் லீக் ஆகல. எக்ஸ்பி காலத்துல லிமிட்டட்னு சொன்னாங்களே, அதேதான் இப்ப ஸ்டாண்டர்ட். இந்த அக்கவுண்ட் ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர்ல கை வைக்க விடாது, அவ்ளோதான். ஒவ்வொரு யூசருக்கும் ஆப்டேட்டான்னு (AppData) சொந்த ஃபோல்டர் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல எழுத யார் பர்மிஷனும் வேணாம், டெலிகிராம், விஎஸ் கோட் மாதிரி நிறைய சாஃப்ட்வேர் அங்கயே போய் உக்காந்துக்கும், குரோம் கூட அட்மின் பாஸ்வேர்ட் கிடைக்கலன்னா அங்கதான் போகும். பென்டிரைவ்ல கொண்டு வர்ற போர்ட்டபிள் எக்ஸி (.exe) ஃபைலுக்கு இன்ஸ்டாலே தேவையில்ல.

அதனால இன்ஸ்டால் பண்றத தடுக்குறத விட ரன் ஆகுறத தடுங்க. யூசர் எழுதக்கூடிய இடத்துல இருந்து எதுவும் ரன் ஆகக்கூடாது, இதுதான் விஷயமே. அதுக்கு, எது ரன் ஆகலாம் எது ஆகக்கூடாதுன்னு ரூல் போடற ஆப்லாக்கர்னு (AppLocker) ஒண்ணு விண்டோஸ்லயே இருக்கு, முன்னாடி என்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷனுக்கு மட்டும்தான் வேலை செய்யும், இப்ப ப்ரோவுலயும் செய்யுது. பழைய வீடியோல இதே வேலைக்கு சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்ஷன் பாலிசி போட சொல்வாங்க, அதை மைக்ரோசாஃப்ட் கைவிட்டாச்சு, அந்தப் பக்கம் போகாதீங்க.

முதல்ல கடைக்கு வேணுங்கறது எல்லாத்தையும் அட்மின்ல இருந்து ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல ஏத்திடுங்க. அப்புறம் லோக்கல் செக்யூரிட்டி பாலிசில ஆப்லாக்கர திறந்து, எக்ஸிக்யூட்டபிள் ரூல்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி கிரியேட் டீஃபால்ட் ரூல்ஸ் கொடுங்க. விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ரெண்டுல இருக்கறது மட்டும் எல்லாருக்கும் ஓடும், அட்மினுக்கு எல்லாமே ஓடும். இதோட நிறுத்தினா மாட்டிக்குவீங்க! பேக்கேஜ்டு ஆப் ரூல்ஸ்லயும் டீஃபால்ட் ரூல் போட்டே ஆகணும், இல்லன்னா ஸ்டோர் ஆப் எல்லாம் பிளாக் ஆகும், கால்குலேட்டர் கூட திறக்காது, ஸ்டார்ட் மெனுவே மக்கர் பண்ணும். நிறைய பேர் இங்கதான் பயந்து போய் எல்லாத்தையும் கழட்டிடறாங்க.

இன்னொண்ணு, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளயே டெம்ப், டாஸ்க்ஸ்னு ரெண்டு ஃபோல்டர்ல சாதா யூசரும் எழுத முடியும், விண்டோஸ் ரூல்ல அந்த ரெண்டையும் எக்ஸெப்ஷனா சேத்துடுங்க.

அப்ளிகேஷன் ஐடென்டிட்டிங்கற சர்வீஸ் ஓடலன்னா ரூல் எதுவும் வேலை செய்யாது. சர்வீசஸ் விண்டோல அதை ஆட்டோமேட்டிக்னு மாத்தப் போனா ஆக்சஸ் டினைடுன்னு வரலாம், அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல, சர்வீஸ் செட்டிங்க மாத்தற எஸ்சி (sc) கமாண்ட் போட்டு மாத்திக்கோங்க.

எடுத்ததும் என்ஃபோர்ஸ், அதாவது நிஜமாவே பிளாக் பண்றது, வேண்டாம். ஒரு வாரம் ஆடிட் ஒன்லில (பிளாக் பண்ணாம குறிச்சு மட்டும் வைக்கும்) விடுங்க, பசங்க வழக்கம்போல வேலை பார்க்கட்டும். ஈவன்ட் வியூவர்ல ஆப்லாக்கர் லாக்ல 8003ன்னு வர்றதெல்லாம் நாளைக்கு பிளாக் ஆகப் போறது. உங்க பிரிண்டர், ஸ்கேனர் சாஃப்ட்வேர் அதுல வந்தா அட்மின்ல இருந்து எல்லா யூசருக்கும்னு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க. ஒன்டிரைவ் சில மெஷின்ல ஆப்டேட்டால இருக்கும், அதையும் பார்த்துக்கோங்க. லாக் சுத்தமானதும் என்ஃபோர்ஸ் பண்ணுங்க.

வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஹோம் எடிஷன்தான் இருக்குன்னா இந்த பாலிசி விண்டோவே இருக்காது, அங்க ஸ்டாண்டர்ட் அக்கவுண்டோட, செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பகுதிக்குப் போய் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப் மட்டும்னு வச்சுடுங்க. ஆப்லாக்கர் அளவுக்கு இறுக்கமா இருக்காது, ஆனா கண்ட சைட்ல டவுன்லோட் பண்ற செட்டப் ஃபைல் பெரும்பாலும் அதுலயே நின்னுடும்.