ஆடுவது கீழேயா, மேலேயா?

மோட்டார் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக எனக்கு ஒரு பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்தான் துணை. இரண்டு மாதமாக வலது கண்ணாடி நிற்க மாட்டேன் என்கிறது. செம்மண் சாலையில் இறங்கினால் தலையைத் தொங்கப்போட்டு என் முழங்காலைக் காட்டுகிறது. கடையில் இரண்டு முறை இறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே பழையபடி. "கழற்றி வீசு, இடது கண்ணாடி போதும்" என்கிறார் வீட்டுக்காரர். கழற்றலாமா?
– ஒரு வாசகி, லிந்தாங் சாலை

பதில்: கழற்றாதீர்கள் தங்கச்சி. வீட்டுக்காரரிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நம் மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பின்னால் வருகிற வண்டி உங்களை முந்துவது வலப்பக்கம்தான். தோட்டத்து முச்சந்தியில் வலது சிக்னல் போட்டுத் திரும்பும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்று காட்டுவது அந்த ஒரு கண்ணாடிதான். ஒன்றுதான் மிஞ்சும் என்றால் வலதுதான் மிஞ்ச வேண்டும். இரண்டும் இருக்க வேண்டும் என்பதுதான் சரி.

மூன்றாம் நாளே ஏன் பழையபடி ஆனது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கண்ணாடி "தலையைத் தொங்கப்போடுகிறது" என்கிறீர்கள். கம்பி அடியில் ஆடினால் கண்ணாடி கம்பியோடு சேர்ந்து இடம் வலமாகச் சுற்றும், தலை கவிழாது. தலை மட்டும் கவிழ்ந்தால் கோளாறு மேலே, கண்ணாடியின் முதுகில் இருக்கிற உருண்டை மூட்டில். கடையில் இறுக்கியது கீழ் நட்டாகத்தான் இருக்கும். நோவு தலையில், தைலம் காலில்.

நீங்களே பார்க்கலாம். மோட்டாரை இரட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். இடது கையால் கண்ணாடிக் கம்பியை ஹேண்டிலுக்குப் பக்கத்தில் இறுகப் பிடியுங்கள். வலது கையால் கண்ணாடியை மேலும் கீழும் அசையுங்கள். கம்பி கல் மாதிரி நின்று தலை மட்டும் ஆடுகிறதா? அப்படியானால் கண்ணாடியின் முதுகைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் மூட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூவோ நட்டோ இருக்கும். மண் அப்பி மறைந்திருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் தெரியும். இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள், அசைத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. ஒரே மூச்சில் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

ஸ்க்ரூவே இல்லை, மூடி அடைத்த மூட்டு என்றால் அதற்கு வைத்தியம் கிடையாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து உருண்டையைக் கவ்வுகிற பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்துபோயிருக்கும். சைக்கிள் டியூபை விரலகலத்துக்கு அறுத்து மூட்டைச் சுற்றி இழுத்துக் கட்டினால் சம்பள நாள் வரைக்கும் தாங்கும். அதற்குள் புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பெரிய விலை இல்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய், கம்பியின் மரை (திருகுப் புரி) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். மூட்டில் எண்ணெய் விடாதீர்கள், இருக்கிற பிடிப்பும் போய்விடும். சூப்பர் குளூ ஊற்றி ஒட்டவே ஒட்டாதீர்கள். பிறகு உங்கள் மகன் ஓட்டினாலும் அவன் உயரத்துக்குக் கண்ணாடியைத் திருப்ப முடியாது.

கீழ் நட்டு எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர் உறையை மேலே தள்ளினால் நட்டு தெரியும், பெரும்பாலும் 14 நம்பர் ஸ்பானர். முதலில் நட்டைத் தளர்த்தி, கம்பியைக் கையால் ஐந்தாறு சுற்று உள்ளே இறக்குங்கள். கண்ணாடி உங்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்து, கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைக் கீழே இறக்கி இறுக்குங்கள். பலர் கம்பியை மட்டும் முறுக்கிவிட்டு நட்டை மேலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு குழியிலும் கம்பி ஆடி ஆடி அலுமினிய மரையைத் தின்றுவிடும்.

கேள்வி: அண்ணே, என் யமஹாவில் வலது கண்ணாடி லூசாக இருக்கிறது. வலப்பக்கம் முறுக்க முறுக்க மேலே ஏறி வருகிறது. மரை போய்விட்டதா?
– ஒரு கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: கையை எடு தம்பி, இனிமேல் முறுக்காதே. மரை போகவில்லை. யமஹாவில் பல மாடல்களுக்கு வலது கண்ணாடி மட்டும் எதிர்மரை. இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். நட்டும் அப்படியே. காரணம் இருக்கிறது: வலது கண்ணாடியில் முன்னாலிருந்து ஏதாவது இடித்தால் அது பின்னால் சுழலும். மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் சுற்றுகிற திசை. சாதா மரையாக இருந்தால் இடி அதை இன்னும் இறுக்கி, கம்பியையோ பிரேக் பிடியின் வார்ப்பையோ உடைக்கும். எதிர்மரை இளகிக்கொடுக்கும்.

இதை நான் கற்றது ஒரு பால்மரத் தொழிலாளியின் மோட்டாரில். தோட்டத்து டிராக்டர் பட்டறையை விட்டுவிட்டு டவுனில் கடைக்கு வந்த புதிது. ஹோண்டாவின் கண்ணாடி ஒன்று சும்மா கிடந்தது, அதை அவருடைய யமஹாவின் வலப்பக்கம் வைத்து ஸ்பானரால் பலவந்தமாக ஏற்றினேன். மூன்றாவது சுற்றில் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக அலுமினியத் தூள் என் கட்டைவிரலில் விழுந்தது. பிரேக் எண்ணெய் டப்பாவோடு சேர்ந்த வார்ப்பு அது. முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. காசு என் சம்பளத்தில் போனது, அதில் வருத்தமில்லை. அந்த மனிதர் இரண்டு நாள் பால் வெட்டுக்குப் போக முடியாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அது இன்றைக்கும் உறுத்துகிறது. கையால் சுலபமாக இறங்காத மரையில் ஸ்பானரை வைக்காதே, தம்பி.

உன்னுடையதை இடப்பக்கம் திருப்பி இறக்கி நட்டைப் பூட்டு. மறுபடி இளகினால் நட்டின் மரையில் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு விடு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே வராது.

கேள்வி: மகன் நல்ல கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி மாட்டியிருக்கிறான். சொன்னால் கேட்கவில்லை.
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: திட்டாதீர்கள், காட்டுங்கள். மோட்டாரில் அவனை உட்கார வைத்து நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வலப்பக்கமாகப் பின்னால் பதினைந்து அடி தள்ளி நின்று, கையைத் தூக்கி விரல்களைக் காட்டுங்கள். தலையைத் திருப்பாமல் எத்தனை விரல் என்று சொல்லட்டும். அவனுக்கு அவன் முழங்கை மட்டும்தான் தெரியும். பிறகு பழைய கண்ணாடியை மாட்டி, முழங்கை ஓரத்தில் கொஞ்சமாகவும் மிச்சமெல்லாம் சாலையாகவும் தெரியும்படி வைத்து, அதே இடத்தில் போய் நில்லுங்கள்.