நோட்டீஸைப் பைபிளுக்கு அடியில் வைக்கலாமா?

வாசகர் கேள்விகள்: குடும்பமும் ஜெபமும்

இந்த மாதம் வந்த கடிதங்கள் தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் வேறு வேறு உடுப்பில் நிற்கிறது: ஜெபித்துவிட்டு நாமும் ஏதாவது செய்தால் அது நம்பிக்கைக் குறைவா?

வீடு கட்டிய கடனில் எட்டு மாதத் தவணை பாக்கி. மழையில் ரப்பர் வெட்டு நின்றதால் கையில் எதுவும் இல்லை. வங்கி நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர் அதைப் பைபிளுக்கு அடியில் வைத்து நாற்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறார். “நீ மேனேஜரைப் போய்ப் பார்த்தா அது அவிசுவாசம்” என்கிறார். இன்று முப்பத்தோராம் நாள். நான் போவது தப்பா?
— வாசகி, பளுகல்

தப்பே இல்லை, சகோதரி. நாற்பது நிறையும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் அந்தத் தாளை வெளியே எடுத்துத் தேதியைப் பாருங்கள். வீட்டை ஈடு வைத்த கடனுக்கு, 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் (ஈடு வைத்த சொத்திலிருந்து வங்கி கடனை மீட்கும் சட்டம்) 13(2) பிரிவில் வந்த நோட்டீஸ் என்றால், பாக்கியைக் கட்ட 60 நாள் கெடு. முப்பத்தொன்று ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் கெடுவுக்குள் உங்கள் ஆட்சேபத்தையோ வேண்டுகோளையோ எழுத்தில் கொடுக்கலாம். வங்கி அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணத்தை எழுதித் தெரிவித்தாக வேண்டும். கெடு முடிந்தபின் வீட்டைக் கையகப்படுத்த அவர்கள் நடவடிக்கை எடுத்தால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். எண் 15100.

இனி ஜெபத்துக்கு வருவோம். அசீரியரின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா ராஜா என்ன செய்தான்? வாங்கி வாசித்தான். பிறகு ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (ஏசாயா 37:14). விரித்தான் என்றுதான் இருக்கிறது, மூடி வைத்தான் என்றில்லை. அதே ராஜா நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்தான், இடிந்துபோன மதிலைக் கட்டினான் (2 நாளாகமம் 32:3-5). அதே அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில் ஏசாயாவோடு சேர்ந்து ஜெபிக்கிறான். ஒன்று இருந்ததால் மற்றது கெட்டுப்போகவில்லை. நெகேமியா 4:9-ஐயும் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஜெபமும் காவலும் அங்கே ஒரே வாக்கியத்தில் வருகின்றன.

இன்று ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்தபின், அதே மேசையில் நோட்டீஸை விரியுங்கள். தேதி, தொகை, கணக்கு எண் மூன்றையும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எதற்குப் பயப்படுகிறோம். மூன்றாவது வரிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். “ஊர்க்காரர் என்ன சொல்லுவாவ” என்பதுதான் நிஜமான பயம் என்றால் அதையே எழுதுங்கள். பின்பு ஜெபியுங்கள், நாளைய ஒரு காரியத்துக்காக மட்டும். “கடன்பாரம் எல்லாம் நீங்கட்டும்” என்று ஜெபித்தால் பதில் வந்ததா இல்லையா என்றே தெரியாது. மனசு அதே பாரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும், ஜெபித்து எழுந்த பிறகும் களைப்புதான் மிஞ்சும். “நாளைக்குப் பத்து மணிக்கு வங்கிக்குப் போகும்போது உள்ளதை உள்ளபடி சொல்லத் தைரியம் தாரும்” என்பது வேறு மாதிரி ஜெபம். பதினோரு மணிக்கு அதன் பதில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போகும்போது ஆறு மாதக் கணக்கு விவரமும், ரப்பர் ஷீட்டு விற்ற சீட்டுகளும், வெட்டு நடக்காத மாதங்கள் குறித்த தாளும் கையில் இருக்கட்டும். தவணையை மாற்றியமைக்கக் கேட்டு எழுதிய மனுவுக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மேனேஜர் முகத்தைப் பார்த்த பதற்றத்தில், கட்ட முடியாத தொகையை ஒத்துக்கொண்டு வராதீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான். செலுத்த முடியாததை நேர்ந்துகொள்ளாதே என்று பிரசங்கி (5:4-5) சொல்வது கோயில் காணிக்கைக்கு மட்டும் உரியதல்ல.

வீட்டுக்காரரிடம் “உங்க விசுவாசம் தப்பு” என்று தொடங்கினால் பேச்சு அதோடு முடியும். “நாற்பது நாளும் நடக்கட்டும், முப்பத்திரண்டாம் நாள் ஜெபத்தை வங்கி வாசலில் வைப்போம், கூட வாங்க” என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

வயது 58. சர்க்கரைக்குக் காலையில் மாத்திரை, ராத்திரி இன்சுலின். மகளுக்குக் குழந்தை வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிவரை உபவாசம். போன வாரம் ஆராதனையிலேயே தலை சுற்றி விழப் பார்த்தேன். உபவாச நாளில் மாத்திரையையும் ஊசியையும் நிறுத்திவிடலாமா?
— வாசகி, அருமனை

வேண்டாம் அம்மா, நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஊசியை நிறுத்தினால் எகிறும். எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு என்று உங்கள் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் — இவை வந்தால் பரிசோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மணி என்ன என்று பார்க்காமல் உபவாசத்தை முடியுங்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் தாழ்வாக இருந்தால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் தாழும். பரிசோதிக்கும் கருவி பக்கத்தில் இல்லையா? அடையாளம் தெரிந்தாலே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

உபவாசம் என்றால் பட்டினி மட்டும்தான் என்று யார் சொன்னது? தானியேல் மூன்று வாரம் ருசியான ஆகாரத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டான் (தானியேல் 10:3). முழுப் பட்டினி என்று அங்கே சொல்லவில்லை. மீன்கறி இல்லாமல் மரச்சீனிக் கிழங்கு தொண்டையில் இறங்காத நம் ஊரில், நாற்பது நாள் மீனை விடுவது சின்ன உபவாசமா என்ன!

மகளைப் பற்றியும் ஒன்று. ஜெபக்கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி, “இவளுக்கு ஆறு வருஷமா…” என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைபிளில் பிள்ளைக்காக ஜெபித்த அன்னாள் தன் துக்கத்தை உதடு மட்டும் அசையச் சொன்னாள். அவளுக்கு அந்த அளவு மறைவு இருந்தது. டாக்டரிடம் மகளும் மருமகனும் சேர்ந்தே போகட்டும். ஒரு வருடம் முயன்றும் ஆகவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவருக்கும் பரிசோதனை தேவை. இவள் மட்டும் போய் வருவதில் பாதி விஷயம் தெரியாமலே போகும்.

வீட்டுக்காரர் பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். ஜெபவீட்டில் மூன்று நாள் அடைத்துவைத்து ஜெபித்தால் விட்டுவிடுவார் என்று சொல்கிறார்கள். அழைத்துப் போகட்டுமா?
— வாசகி, ஊரம்பு

டாக்டரைப் பார்க்காமல் போகாதீர்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேசத் தொடங்கலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. ஜெபவீட்டில் அதைப் “பிசாசு வெளியே வருது” என்று எண்ணிக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தோடு குடியை நிறுத்துங்கள். ஜெபவீடு பத்து நாள் கழித்தும் அங்கேயேதான் இருக்கும். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியவில்லையா? போதை மீட்பு உதவி எண் 14446-ல் கேளுங்கள்.

எதற்காக ஜெபிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறோம். “அவர் மாறட்டும்” என்பதோடு, உங்கள் கையில் இருக்கும் காரியத்துக்காகவும் ஜெபியுங்கள்: இன்றைக்குக் கேட்டால் பணம் கொடுக்காமல் இருக்க, வேலைக்குப் போகாததற்குப் பொய்க்காரணம் சொல்லிக் காப்பாற்றாமல் இருக்க. கை நீட்டி அடிக்கிறார் என்றால் பொறுமைக்காக ஜெபிப்பது போதாது. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போங்கள். அங்கிருந்தும் ஜெபிக்கலாம்.

மகனுக்கு வளைகுடாவில் வேலை. ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். ‘திறந்த வாசல்’ என்று தீர்க்கதரிசனமும் வந்தது. கொடுக்கலாமா?
— வாசகர், பாறசாலை

வாசல் திறந்திருக்கிறதா என்று மத்திய அரசின் ஈமைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் என்றால் அதில் பெயர் இருக்கும். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். ‘முதலில் விசிட் விசா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தீர்க்கதரிசனம் சொன்னவருக்கு ஏஜென்ட் சொந்தமா என்றும் மெதுவாக விசாரிப்பது நல்லது.

வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் முப்பது நாற்பது நாள் ஆகும். மாமியார் மலையாளத்தில் ஜெபமாலை சொல்கிறார், எனக்குத் தமிழ்தான் வரும், பிள்ளைகள் இரண்டிலும் ஒட்டாமல் தூங்கி விழுகிறார்கள். காற்று அறிவிப்பு வந்தால் சின்னவன் தூங்குவதே இல்லை.
— வாசகி, வள்ளவிளை

மொழிப் பிரச்சினை எளிது. மங்கள வார்த்தை ஜெபத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்கிறார்கள். மாமியார் மலையாளத்தில் தொடங்கட்டும், நீங்களும் பிள்ளைகளும் தமிழில் முடியுங்கள். அடுத்த பத்துமணியில் (ஜெபமாலையின் அடுத்த பத்து மணிகளில்) மாறிக்கொள்ளலாம். உங்கள் ஊர் சேர்ந்த தூத்தூர் கரை திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில் இருப்பதால் இரண்டு மொழியும் உங்கள் காதுக்குப் பழகியதே. ஐந்து பத்துமணியும் சொன்னால் இருபது நிமிடம் ஆகும். சின்னவனுக்கு ஒரு பத்துமணி போதும், மூன்று நான்கு நிமிடம். அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். வயிறு நிறைந்தபின் உட்காரவைத்தால் பெரியவர்களே தூங்குவார்கள்.

அவன் பயத்துக்கு வருவோம். “நீ நல்லா ஜெபிச்சா அப்பா வந்துருவாங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்தக் கரையில் ஜெபிக்காத பிள்ளை எது? அப்பா திரும்பாத பிள்ளைகள் அதைத் தங்கள் ஜெபத்தின் குறையாகச் சுமக்கக் கூடாது. “அப்பா கடவுள் கையில் இருக்காங்க, நாமும் இருக்கோம், பயமா இருந்தா அதையும் அவர்கிட்ட சொல்லலாம்” — இவ்வளவு போதும். கடலில் தவித்தவர்களின் கூப்பிடுதல் சங்கீதம் 107-ல் 23 முதல் 30 வரை இருக்கிறது. அதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். ஒரு அட்டையில் படகின் பெயர், பதிவு எண், எத்தனை பேர் போனார்கள், கடைசியாகப் பேசின நாள், எந்தப் பக்கம் வலை போடப் போவதாகச் சொன்னார்கள் என்று எழுதி, திருவுருவத்துக்குப் பக்கத்தில் வைக்கட்டும். போன் வரும்போதெல்லாம் அவனே திருத்தட்டும். ஜெபம் தொடங்கும்போது அதை வாசிக்கலாம். ஆபத்து என்று வந்தால் கடலோரக் காவல்படையின் 1554-லும் கடலோரப் போலீஸின் 1093-லும் முதலில் கேட்பது இந்த விவரங்களைத்தான். பதறும் வீட்டில் பதிவு எண் யாருக்கும் ஞாபகம் வராது. படகு கிளம்பும் முன்னாலேயே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி வேலை செய்கிறதா என்று முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால் மாமியாரைக் கேட்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு எதிர்ப்பேச்சு பேசுபவர் குறைவு.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. கடவுள் மேல் கோபம்தான் வருகிறது. இது பாவமா?
— பெயர் வேண்டாம்

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், தொடங்குவதே ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வியில். உரக்க வாசித்தால் ஒரு நிமிடம் ஆகாது. ஐந்தாம் ஆறாம் வசனங்கள் வாயில் வரவில்லை என்றால் நான்கோடு நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, அதையும் பைபிளில் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் இருந்து வாசித்தால் போதும். மற்ற நேரத்தில் ஜெபிக்கவில்லையே என்று உங்களையே குத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் போனாலோ, செத்தால் போதும் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோகூட, போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ காத்திருக்காமல் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம்தான், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.