கணக்கு உதைக்கும் இடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: மொரீஷியஸின் போ பாசேனில் பத்தாம், பதினோராம் கிரேடு மாணவர் பன்னிரண்டு பேருக்கு மாலை நேரத்தில் உயிரியல் சொல்லித் தருகிறேன். இதயத்தின் படத்தைப் பிழையில்லாமல் வரைந்து, எல்லாப் பாகங்களுக்கும் பெயர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் காலிலிருந்து திரும்பும் இரத்தம் எந்த வழியாக நுரையீரலை அடைகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். என்னிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, மாதிரி உருவங்களும் இல்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தங்கள் மாணவர்களுக்கு நினைவாற்றலில் குறையில்லை, படம் அவர்கள் கைக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அவர்களிடம் ஒரு கேள்வி பிறப்பதற்கு முன்பே விடையைப் பெயர்ப் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே இதயப் பாடத்தைப் படத்தில் தொடங்காமல், கணக்கு உதைக்கும் ஓர் இடத்தில் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணட்டும். ஓய்வாக அமர்ந்திருப்பவருக்கு அது எழுபதையொட்டி வரும். வளர்ந்தவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதைத் தாங்கள் சொல்லிவிட்டு, பெருக்கலை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர், நாளுக்கு 7,200 லிட்டர் என்று கரும்பலகையில் எண்கள் ஏறும்போது, தண்ணீர் நின்றுபோகும் நாட்களுக்காக நம் வீட்டுக் கூரைகளில் வைத்திருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை நினைவுபடுத்துங்கள். நாளொன்றுக்கு அப்படி ஏழு தொட்டிக்கும் மேல். அதன் பிறகு, உடலில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். மாணவர்களில் யாராவது ஒருவர், அப்படியானால் அதே இரத்தம்தான் திரும்பி வர வேண்டும் என்று சொல்லுவார். 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி தம் நூலில் முன்வைத்த வாதங்களுள் ஒன்று இதுவே. கல்லீரல் உணவிலிருந்து ஓயாமல் புது இரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்று அதுவரை பல நூற்றாண்டுகளாக நம்பிவந்தார்கள். அவ்வளவு இரத்தத்தை உண்டாக்க எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று தங்கள் மாணவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்ததும் ஹார்வி காட்டியதுதான். ஒரு துணி நாடா போதும். முன்வந்த மாணவரின் மேற்கையில் நாடாவை அளவாக இறுக்கிக் கட்டி, கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கச் சொல்லுங்கள். முன்கையில் சிரைகள் புடைத்து, ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும்; அவைதாம் வால்வுகள். முடிச்சுக்கு மணிக்கட்டுப் பக்கமாக ஓரிடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் சிரையை முழங்கைப் பக்கமாக அந்த முடிச்சைத் தாண்டி நீவிவிடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி வற்றித் தட்டையாகிவிடும். மேலேயுள்ள இரத்தம் கீழே இறங்கி வராது. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து இரத்தம் ஏறி, சிரை மறுபடியும் புடைத்துக்கொள்ளும். கால் இரத்தம் எந்தத் திசையில் போகிறது என்பதை இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாடாவை ஓரிரு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரத்தக் கோளாறு உள்ள மாணவரிடம் இதைச் செய்யவே கூடாது.

இதே வேளையில், அசுத்த இரத்தம் நீல நிறமுடையது என்று ஒருவர் சொல்லக்கூடும். பாடநூல் படங்களில் சிரைகளுக்கு நீலம் தீட்டுவதன் விளைவு அது. பரிசோதனைக்காகக் கையில் ஊசி போட்டுக் குழாயில் எடுக்கும் இரத்தம் சிரையிலிருந்து வருவதே என்றும், அது கருஞ்சிவப்பாக இருப்பதை அவர்களே பார்த்திருப்பார்கள் என்றும் சொன்னால் போதும்.

மாதிரி உருவம் இல்லையே என்று வருந்த வேண்டாம். காப்ரி, அதாவது ஆட்டிறைச்சி, விற்கும் கடையில், இதயத்தைக் கீறாமல், மேலே பெருந்தமனியை இரண்டு விரல் நீளம் விட்டு அறுத்துத் தரும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வகுப்பில் அதை வெட்டுவதற்கு முன் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள்: வால்வின் மூன்று மடல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தாங்கி நிற்கும். எத்தனை படம் வரைந்தாலும் புரியாத ஒன்று அந்தச் சில நொடிகளில் விளங்கிவிடுகிறது. பிறகு இதயத்தின் கீழ்ப்பாதியைக் குறுக்காக வெட்டினால், இடது கீழறையின் சுவர் வலது சுவரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருப்பதைக் காணலாம். ஏன் என்பதை அவர்களே சொல்லட்டும். ஒன்று பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கும், மற்றொன்று உச்சி முதல் பாதம் வரைக்கும் அனுப்புகிறது. கத்தி தங்கள் கையிலேயே இருக்கட்டும். கையுறையும் சோப்பும் கட்டாயம்.

பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஒரு குச்சியை நுழைத்துக் காட்டுங்கள். இதயத்தின் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் வாய்கள் அவை. அறை நிறைய இரத்தம் இருக்கும்போது இதயத்துக்குத் தனிக் குழாய் எதற்கு என்று கேட்கும் மாணவர்தான் மாரடைப்பைப் புரிந்துகொள்ளப் போகிறவர். நம் தீவின் கதையையும் இங்கே சொல்லலாம்: 1987-இல் பங்கீட்டுச் சமையல் எண்ணெய், பெரும்பாலும் பனை எண்ணெயாக இருந்த நிலையிலிருந்து சோயா எண்ணெயாக மாற்றப்பட்டது, அடுத்த ஐந்து ஆண்டுகளில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் அளவு லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகக் குறைந்தது. ஆனால் வகுப்பில் எவருடைய எடையையோ சர்க்கரை அளவையோ அளந்து பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் நீரிழிவு சாதாரணம். ஒரு பிள்ளையின் குடும்பக் கவலையைப் பாடப்பொருள் ஆக்கும் உரிமை நமக்கில்லை.

சிறுநீரகத்துக்கும் இதே முறை பொருந்தும். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் வடிகட்டப்படுகிறது, வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவுதான் என்றால், மீதி எங்கே? இந்தக் கேள்வியோடு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானின் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த நீண்ட வளைந்த குழல் எதற்கு என்பது உடனே பிடிபடும். செரிமானத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ரொட்டித் துண்டை வெகுநேரம் மெல்லச் சொன்னாலே இனிப்புத் தட்டிவிடும்.

சொற்களிலும் சற்றுக் கவனம் வேண்டும். நெஞ்செரிச்சல் என்று தமிழில் சொல்வது இதயத்தின் நோயன்று, இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறுவது. பிரெஞ்சில் ‘மால் ஓ கேர்’ என்று இதயத்தின் பேரைச் சொல்வதும் வெறும் குமட்டலைத்தான். இரண்டு மொழிகளையும் காதில் வாங்கி வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை முன்னதாகவே தெளிவுபடுத்திவிடுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே எழுதட்டும். காரணத்தை மட்டும் முதலில் கிரியோலிலோ தமிழிலோ வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். கேம்பிரிட்ஜ் வினாத்தாளில் ‘பெயரிடுக’ என்பதைவிட ‘விளக்குக’ என்ற கேள்விக்கே மதிப்பெண் கூடுதலாக இருக்கும். படத்தை இவை எல்லாம் முடிந்த பின் வரையச் சொல்லுங்கள்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்று. தைப்பூசக் காவடிக்கு விரதமிருக்கும் மாணவர் தங்கள் வகுப்பில் இருப்பார்கள். இறைச்சியைக் கையால் தொடவும் அவர்கள் தயங்குவார்கள். ஆகவே நாடித்துடிப்பையும் நாடாவையும் ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்துக்கொண்டு, ஆட்டிதயத்தைப் பூசம் கழிந்து இரண்டு வாரம் சென்றபின் வைத்துக்கொள்ளுங்கள்.